மஞ்சள் கிண்ணத்தில் விழுந்தவை

என்னை அறிமுகம் செய்த நண்பர், "துருவப் பகுதி உயிர்கள் பற்றிப் பேசுவார்" என்று சொன்னதும் முன் வரிசையில் இரண்டு சிறுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். வெள்ளைக்கரடி வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். தம்பிகளா, வராது. நான் கையோடு கொண்டுவந்திருப்பது இந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றுதான். மஞ்சள் நிறம், வாய் அகலம் 10 சென்டிமீட்டர். நேற்றுக் கடைத்தெருவில் வாங்கினேன். இந்த மாதிரிக் கிண்ணங்களை மண்ணுக்குள் புதைத்து வைத்து, அவற்றில் என்னென்ன விழுகிறது என்று கிரீன்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் 1996 முதல் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட ஒரு மணி நேரத்தை அந்தக் கணக்கு வழக்குக்கே செலவிடப்போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கிரீன்லாந்துக்குப் போனவன் இல்லை. விலங்கியல் வாத்தியார், ஆய்வுக் கட்டுரைகளின் வழியாகத்தான் அந்த ஊரை எனக்குத் தெரியும். ஊர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அங்கே ஊர் கிடையாது. கிண்ணங்கள் இருக்கும் ஸாக்கென்பெர்க் என்பது ஒரு பள்ளத்தாக்கு, அதில் சில கட்டடங்கள் கொண்ட ஓர் ஆய்வு நிலையம், அவ்வளவுதான். வட அட்சரேகை 74 டிகிரிக்கும் மேலே, உலகின் மிகப் பெரிய தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சாலை இல்லை, சிறு விமானத்தில் போய் இறங்க வேண்டும். குளிர்காலத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் சூரியன் எழுவதில்லை, கோடையில் மூன்று மாதத்துக்கு மேல் அடைவதில்லை. ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை 6, 7 டிகிரி. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கொஞ்சம் சோம்பலாக ஓடினால் உள்ளே இருக்கும் குளிர் அது. அங்கே அதற்குப் பெயர் கோடை.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே செடி பூப்பதையும் பறவை முட்டையிடுவதையும் கஸ்தூரி எருது மேய்வதையும் வருடா வருடம் குறித்துவருகிறார்கள். அதில் ஒரு பகுதிதான் கணுக்காலிகளைக் கணக்கெடுப்பது. கணுக்காலி என்றால் பூச்சி, சிலந்தி, செம்பேன் வகையறா எல்லாம் சேர்ந்த கூட்டம். இடையில் ஒரு வார்த்தை: நாம் சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறோம். பூச்சி என்றால் ஆறு கால்தான் என்று வகுப்பில் அடித்துச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் "சுவரில் எட்டுக்கால் பூச்சி" என்று நானும் கத்தியிருக்கிறேன். போகட்டும்.

முறை மிக எளிது. கிண்ணத்தின் விளிம்பு மண்ணோடு மட்டமாக இருக்கும்படி குழி தோண்டி இறக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் தண்ணீர், உப்பு, சில சொட்டு சோப்புத் திரவம். சோப்பு எதற்கு என்றால், வெறும் தண்ணீரின் மேல் சிலந்தி நின்றுவிடும், நடந்தும் போய்விடும். சோப்பு கலந்தால் மூழ்கும். ஓடிவரும் சிலந்தி கவனிக்காமல் விழுகிறது. மஞ்சளைப் பூ என்று நினைத்து ஈயும் வந்து விழுகிறது. ஈரச் சதுப்பு, நடுத்தரமான புதர்த்தரை, காற்று அறையும் வறண்ட மேடு என்று வெவ்வேறு தரைகளில் இவற்றை வைத்து, பனி உருகும் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை வாரம் ஒருமுறை வடிகட்டி எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் ஓர் இடத்துக்கு எட்டுக் கிண்ணங்கள் வைத்தார்கள். பிறகு நான்காகக் குறைத்துக்கொண்டார்கள். அந்த வேலை எப்படி முதுகை ஒடிக்கும் என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் மாணவர்களை வைத்துக் கல்லூரி வளாகத்தில் இருபது டம்ளர்களைப் புதைத்தோம். முதல் வாரம் எறும்பு. இரண்டாம் வாரம் எறும்பு. மூன்றாம் வாரம் ஒரு தவளை உட்கார்ந்து, விழுந்த எறும்பையெல்லாம் தின்றுகொண்டிருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் டம்ளர்கள் எல்லாம் மிதந்து கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்விட்டன. இருந்தாலும் நாற்பது, ஐம்பது ஜாடிகள் தேறின. எத்தனால் ஊற்றி, தேதி எழுதி, அலமாரியில் வைத்தேன். நான் மாற்றலாகிப் போன பிறகு யாரோ அலமாரி தேவைப்படுகிறது என்று அத்தனையையும் வாஷ்பேசினில் கொட்டிவிட்டு ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்களாம். நன்றாகத்தான் கழுவியிருந்தார்கள் என்று கேள்வி.

இந்தக் கிண்ண முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. கிண்ணத்தில் நூறு சிலந்தி விழுந்தால் அந்த இடத்தில் சிலந்தி அதிகம் என்று பொருளா? இல்லை. நடமாட்டம் அதிகம் என்று பொருள். குளிர்ந்த ரத்தப் பிராணிகள். வெயில் ஏறினால் ஓட்டம் கூடும். பெண் தேடும் பருவத்தில் ஆண் சிலந்திகள் தரையெல்லாம் அலையும், அதிகமாக விழும். முட்டையைச் சுமக்கும் தாய் ஓரிடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், குறைவாக விழும். ஆகவே வெப்பமான வாரத்தில் எண்ணிக்கை கூடினால், சிலந்தி பெருகிவிட்டது என்று தலைப்பு போடக் கூடாது. அதே கிண்ணத்தை, அதே இடத்தில், அதே பருவத்தில் வைத்தால் வரும் பிழையும் ஏறக்குறைய அதே பிழையாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள பிடிமானம். அந்தப் பிடிமானமும் முழுதாக இல்லை, பூமியே சூடாகிறபோது பிழையும் கூடவே நகர்கிறதே! எனவே எத்தனை விழுந்தது என்பதைவிட, விழுந்தது எப்படி இருந்தது என்று பார்ப்பது பல சமயம் பாதுகாப்பானது.

எப்படி இருந்தது என்று பார்த்தவர்களில் முக்கியமானவர் டோக்கெ ஹோயெ என்ற டென்மார்க் சூழலியலாளர். அவர் பார்த்தது பார்டோசா கிளேசியாலிஸ் என்ற ஓநாய்ச் சிலந்தி. 1872-இல் தோரெல் என்ற சுவீடன்காரர் பெயரிட்டது. சிலந்தி என்றதும் நமக்குத் திருவானைக்காவில் சிவலிங்கத்துக்கு மேல் வலைப்பந்தல் போட்டு, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்த சிலந்தி நினைவுக்கு வரும். இது அந்த ஜாதி இல்லை. வலை பின்னாது. தரையில் ஓடித் துரத்திப் பிடிக்கும். கருமை கலந்த பழுப்பு. உடம்பு நம் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் தரையில் சிங்கம் புலி எல்லாம் இதுதான்.

2009-இல் வெளியான ஆய்வுக்காக ஹோயெயும் கூட்டாளிகளும் பத்து வருடத்துக் கிண்ணங்களில் விழுந்த ஏறத்தாழ 5000 ஓநாய்ச் சிலந்திகளை எடுத்து, தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதியின் ஓடு எவ்வளவு அகலம் என்று அளந்தார்கள். சிலந்தியின் உடல் அளவுக்கு நம்பகமான அளவுகோல் அந்த ஓடு. வயிறு தின்றால் உப்பும், பட்டினி கிடந்தால் சுருங்கும். ஓடு அப்படி மாறாது. பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளைத் தொடர்ந்து சிலந்திகள் பெரிதாக இருந்தன. தின்பதற்கும் வளர்வதற்கும் நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அதிலும் ஆணைவிடப் பெண்ணுக்குத்தான் வளர்ச்சி அதிகம். பெரிய பெண் என்றால் அதிக முட்டை.

முட்டைக்கு வருவோம். இந்தச் சிலந்தித் தாய் தன் முட்டைகளைப் பட்டு நூலால் சுற்றிச் சிறு உருண்டையாக்கி, வயிற்றின் பின்னால், நூல் சுரக்கும் இடத்திலேயே ஒட்டவைத்துக்கொண்டு திரியும். கூடு கட்டி வைத்துவிட்டுப் போகிற வேலை இல்லை. குளிர் தரையில் அடைகாக்க வேறு வழியும் இல்லை. வெயில் படும் கல்லைத் தேடிப் போய் உருண்டையை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும். நிழல் நகர்ந்தால் தானும் நகரும். குஞ்சு பொரித்ததும் அத்தனையும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். அப்படி உருண்டையோடு ஓடுகிற தாய் கிண்ணத்தில் விழுந்தால், உருண்டையும் சேர்ந்து ஜாடிக்குள் போகிறது.

அந்த உருண்டைகள் ஜாடிக்குள் சும்மா கிடந்தன. 1996-இல் அவற்றை எடுத்து வைத்தவர் இதற்கென்று எடுத்து வைக்கவில்லை. தாயோடு வந்தது, தாயோடு வைத்தார். பிற்பாடு ஒருவர் நுண்ணோக்கியின் கீழ் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே எத்தனை முட்டை என்று எண்ணத் தொடங்கினார். நுனி கூரான இடுக்கி, ஒரு சொட்டு எத்தனால், பட்டு உறையைக் கிழித்தால் உள்ளே கடுகை விடச் சிறிய மணிகள். எண்ணி, எழுதி, அடுத்த உருண்டை. ஏறத்தாழ இருபது வருடத்து உருண்டைகள். எண்ணி முடித்து வரைபடம் போட்டுப் பார்த்தபோது ஒரு மேடு வர வேண்டிய இடத்தில் இரண்டு மேடுகள் தெரிந்தன. கோடையின் முற்பாதியில் முட்டை நிறைந்த உருண்டைகள். பிற்பாதியில் முட்டை குறைந்த சிறு உருண்டைகள். அதாவது, முதல் ஈடு முடித்த சில தாய்கள் அதே கோடையில் இரண்டாம் ஈடும் போட்டிருக்கின்றன. மிதமான தட்பவெப்ப நாடுகளில் ஓநாய்ச் சிலந்திகள் அப்படிச் செய்வது தெரிந்ததுதான். ஆனால் கோடையே ஆறேழு வாரம் நீடிக்கிற இந்தத் துருவத்தில் அதற்கு நேரம் ஏது? பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் நேரம் கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டுகளில்தான் இரண்டாம் ஈட்டின் பங்கு கூடியிருக்கிறது. 2020-இல் இது அச்சானது.

இதைப் படித்த அன்று என் கழுவிய ஜாடிகளை நினைத்துக்கொண்டேன். அவற்றில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காதுதான். ஆனால் இருந்திருக்காது என்பதை இப்போது யார் சரிபார்ப்பது?

சூடானால் எல்லாம் கொழுக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஸாக்கென்பெர்க்கில் அதே கிண்ணங்களில் விழுந்த இரண்டு வகை வண்ணத்துப்பூச்சிகளின் இறக்கையை அளந்தார்கள். கோடை சூடான பிறகு இறக்கை குட்டையாகிறது. புழுவுக்குச் சூட்டில் மூச்சுச் செலவு கூடுகிறது, தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். ஈக்களின் செய்தி இன்னும் மோசம். வீட்டு ஈயின் குடும்பத்து ஈக்கள்தான் அங்கே பூக்களுக்கு மகரந்தம் கடத்துகிற முக்கிய ஆட்கள். தேனீ வேலையை அங்கே ஈ பார்க்கிறது. 1996-க்கும் 2014-க்கும் இடையில் கிண்ணங்களில் விழுந்த அந்த ஈக்கள் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்துவிட்டன. ஓடுகிற சிலந்திக்குச் சொன்ன எச்சரிக்கை பறக்கிற ஈக்கும் உண்டு. ஆனாலும் அந்த அளவு சரிவை வெறும் நடமாட்டக் கணக்கில் தள்ளிவிட முடியாது.

சரி, சிலந்தி பெருத்தால் நமக்கென்ன? அலாஸ்காவில் டூலிக் ஏரி அருகே அமாண்டா கோல்ட்ஸ் என்பவர் நடத்திய பரிசோதனை இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவற்றில் அழகான பதில். டுன்ட்ரா என்ற துருவத் தரையில் வேலியடித்துச் சிறு பாத்திகள் போட்டார். சிலவற்றில் ஓநாய்ச் சிலந்தியைக் கூட்டினார், சிலவற்றில் குறைத்தார். சில பாத்திகளின் மேல் கூடாரம் மாதிரி மறைப்பு போட்டு உள்ளே கொஞ்சம் சூடேற்றினார். அந்த மண்ணில் கொலம்போலா என்று கண்ணுக்கு அரிதாகத் தெரிகிற குட்டிப் பிராணிகள் கோடிக்கணக்கில் உண்டு. வாலுக்கடியில் ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கும், தட்டினால் துள்ளும். நம் பூந்தொட்டி ஈரத்திலும் பார்க்கலாம். இவை பூஞ்சையைத் தின்னும். பூஞ்சை இலைதழையை மக்கவைக்கிறது. சிலந்தி கொலம்போலாவைத் தின்னும்.

வாத்தியார் கணக்குப்படி, சிலந்தி கூடினால் கொலம்போலா குறைய வேண்டும், பூஞ்சை கூட வேண்டும், மக்குவது வேகமாக வேண்டும். சூடேற்றிய பாத்திகளில் நடந்தது தலைகீழ். சிலந்தி நெருக்கமாக இருந்த இடத்தில் கொலம்போலா அதிகம், மக்குவது மெதுவாக. நெருக்கடியும் சூடும் சேர்ந்தபோது சிலந்திகள் கொலம்போலாவை விட்டுவிட்டு ஒன்றையொன்று துரத்தவும் தின்னவும் ஆரம்பித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஓநாய்ச் சிலந்தி தன் இனத்தையே தின்னும். அதில் வெட்கமெல்லாம் கிடையாது. டுன்ட்ரா மண்ணில் பல்லாயிரம் ஆண்டுக் கரி உறைந்து கிடக்கிறது. அது மக்கினால் காற்றில் கலக்கும். அந்த மக்கும் வேகத்தில் ஒரு சிலந்தியின் பசிக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு "சிலந்தி உலகைக் காப்பாற்றும்" என்ற தொனியில் சில செய்தித்தாள்கள் எழுதின. அது அபத்தம். இரண்டு கோடையில், சிறு பாத்திகளில் கண்டது அது.

பனிநாட்டுச் சிலந்திக்கும் நமக்கும் ஒட்டே இல்லையா என்றால், இரண்டு இடத்தில் உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நி-ஒலெசுண்ட் என்ற இடத்தில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் அருகே பின்வாங்கும் ஒரு பனியாறு. அது விட்டுப்போன மொட்டைக் கல்தரையில் முதலில் குடியேறுவது யார் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். முதலில் செடி, பிறகு செடி தின்னி, பிறகு வேட்டையாடி என்பதுதானே பாடம்? அங்கே செடி வேர்பிடிக்கும் முன்பே எரிகோன் ஆர்க்டிகா போன்ற குட்டிச் சிலந்திகள் வந்துவிடுகின்றன. நூலைக் காற்றில் விட்டுப் பறந்துவந்து இறங்கி, காற்று கொண்டுவந்து போடும் மற்ற பூச்சிகளைத் தின்று வாழ்கின்றன. இரண்டாவது, நம் தலைமாட்டில் உள்ள இமயம். 1924 எவரெஸ்ட் குழுவில் மருத்துவராகப் போன ஹிங்ஸ்டன் ஏறத்தாழ 6700 மீட்டர் உயரத்தில், செடி எல்லைக்கு வெகு மேலே, பாறை இடுக்கில் தாவும் சிலந்தியைக் கண்டார். அங்கேயும் காற்றுதான் சோறு போடுகிறது.

கடைசியாக ஒரு கணக்கு. இன்று நான் பேச வந்ததே இதற்காகத்தான்.

2007-இல் ஹோயெயும் மற்றவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து வருடத்துப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்ததில், செடிகள் பூப்பதும் கணுக்காலிகள் வெளிவருவதும் பறவைகள் முட்டையிடுவதும் பத்தாண்டுக்குச் சராசரி 14.5 நாள் முன்னால் நகர்ந்திருந்தன. உலகத்தில் அதுவரை யாரும் கண்டிராத வேகம். பாடப்புத்தகங்களில் ஏறியது, நானே எத்தனையோ வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கிண்ணங்கள் மட்டும் நிற்கவில்லை. கட்டுரை வந்துவிட்டது, பெயர் கிடைத்துவிட்டது, மூட்டை கட்டலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

2018 வந்தது. அந்தக் குளிர்காலத்தில் பேய்த்தனமாகப் பனி விழுந்து, ஜூலையிலும் தரையை மூடிக் கிடந்தது. பூச்சி காலம் தாழ்ந்தும் சொற்பமாகவும் வந்தது. கரைப்பறவைகளில் பல கூடே கட்டவில்லை; கட்டியவற்றின் குஞ்சும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. நரிக்குக் குட்டியில்லை, கஸ்தூரி எருதுக்குக் கன்று அரிது. ஒரு பள்ளத்தாக்கு முழுவதுக்கும் அந்த வருடம் மகப்பேறே அநேகமாக இல்லாமல் போனது.

2023-இல் நீல்ஸ் மார்ட்டின் ஷ்மிட்டும் கூட்டாளிகளும் இருபத்தைந்து வருடப் பதிவுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அந்த 14.5 நாள் வேகத்தைக் காணோம். வசந்தம் ஒரே பக்கமாக நகர்கிறது என்று சொல்ல இடமில்லாமல், ஒரு வருடம் வெகு முன்னால், ஒரு வருடம் வெகு பின்னால் என்று ஊசலாடிக்கொண்டிருந்தது. வெப்பம் ஏறுவது நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை; பனி எவ்வளவு விழும், எப்போது உருகும் என்பது கட்டுக்கடங்காமல் மாறுகிறது என்று பொருள். முதல் கட்டுரையில் இருந்த ஹோயெயே இரண்டாவதிலும் இருக்கிறார். தன் பேர்பெற்ற முடிவைத் தன் கிண்ணமே திருத்துவதற்கு அவர் ஒத்துக்கொண்டதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

நம்மூர்த் திட்டங்கள் மூன்று வருடம். நீட்டித்தால் ஐந்து. ஸாக்கென்பெர்க்கைப் பத்து வருடத்தில் மூடியிருந்தால் பாதி உண்மையைக் கல்லில் செதுக்கி வைத்திருப்போம்.

இப்போதெல்லாம் கேமரா வைத்துப் பூவில் வந்தமரும் ஈயைத் தானே எண்ணும் கருவிகள் வந்துவிட்டன. ஹோயெயே அதில் முன்னணியில் இருக்கிறார். பூச்சியைக் கொல்லாமல் எண்ணலாம் என்பது பெரிய லாபம். ஆனால் பட்டு உருண்டைக்குள் எத்தனை முட்டை என்று கேமராவுக்குத் தெரியாது. அதற்கு இன்னும் ஓர் ஆளும் ஓர் இடுக்கியும் வேண்டும்.

இது பிப்ரவரி. ஸாக்கென்பெர்க்கில் சூரியன் மூன்று மாதம் கழித்து இப்போதுதான் தலைகாட்டியிருக்கும். பார்டோசா பனிக்கடியில், பாசி மெத்தைக்குள், உடம்பு உறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஜூனில் கிண்ணங்களை மறுபடி இறக்குவார்கள்.

என் கிண்ணத்தை முன் வரிசைத் தம்பிகள் எடுத்துக்கொள்ளலாம். விளிம்பு மண்ணோடு மட்டமாக இருக்கட்டும், கொஞ்சம் மேலே நின்றாலும் சிலந்தி சுற்றிக்கொண்டு போய்விடும். சோப்பு இரண்டு சொட்டு போதும். தேதியைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். மழை வந்தால் ஓடிப்போய் எடுத்துவிடுங்கள்.